ஊருக்கே கோட்டுப் போட்டவன்

உக்காருங்க, ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தானுங்க. நான் தெனமும் பாக்கற ஊரு, எனக்கெதுக்கு ஜன்னலு. பஸ்ஸு எடுக்கறதுக்கு இன்னும் நேரம் இருக்குது, டிரைவர் டீக்குப் போயிருக்கறாரு. ஈரோடுங்களா? நானும் ஈரோடுதான், ஃபிளக்ஸ் ரோல் வாங்கப் போறேன். அது வரைக்கும் இந்த ஊர ஒருக்கா நல்லாப் பாத்துக்குங்க.

என்ன தெரியுது? போர்டுங்களா. அதேதானுங்க. ஒரு ஊடு விடாம போர்டு. அந்த ஓட்டு ஊட்டப் பாருங்க, "சரஸ்வதி ஃபுட் புராடக்ட்ஸ், கொழிஞ்சிப்பாளையம்". எதுத்தாப்புல "ருக்மணி குரூப் ஆஃப் கம்பெனீஸ், கொழிஞ்சிப்பாளையம்". அத்தனையும் நம்ம கை வேலைங்க. சென்னி டிஜிட்டல்ஸ்னா இந்தச் சுத்து வட்டாரத்துல தெரியாத ஆளு இல்ல. ஓனர் சென்னியப்பன், அது நானு. அது போக, இந்த ஊர் பேரூராட்சித் தலைவி துளசிமணி இருக்கறாளே, அவ என்ர ஊட்டுக்காரி. ஆனா ஊருக்குள்ள என்னையத்தான் தலைவர்னு கூப்புடுவாங்க. நானும் வேண்டாம்னு சொல்றதில்ல. கையெழுத்து அவ போடுவா, ரோசனை என்னுது. அவளும் அப்பப்ப ரோசனை சொல்லுவா, அது வேற.

போன வருசம் வந்திருந்தீங்கன்னா ஊரு இப்புடி இல்லீங்க. தெருவெளக்கு மூணுல ஒண்ணுதான் எரியும். தண்ணித் தொட்டி ஒழுகிட்டுக் கெடந்துச்சு. பேரூராட்சில காசுன்னு சொல்ல ஒண்ணும் கெடையாது. மேலதிகாரிக கூப்புட்டுச் சொல்லிப் போட்டாங்க, சொந்த வருமானம் இல்லாத பேரூராட்சிய எல்லாம் பக்கத்து நகராட்சியோட சேத்தற மாதர இருக்குதுன்னு. எங்களுக்குப் பக்கம் சந்தமங்கலம். சேத்திட்டாங்கன்னா கொழிஞ்சிப்பாளையம்ங்கற பேரே இருக்காது, முப்பத்தி எத்தனையாவதோ வார்டுன்னு ஆயிரும்.

எனக்கு அது பெருசாப் படலீங்க. நான் பொறந்ததே சந்தமங்கலம், துளசியக் கட்டிக்கிட்டு இங்க வந்து தங்குனவன். அவ இந்த ஊர்லயே பொறந்து இங்கயே வளந்தவ. அந்தச் சேதி கேட்டுட்டு வந்த அன்னைக்கு அவ சோறே திங்கல. "நான் தலைவியா இருக்கறப்ப ஊர் பேரு போகக் கூடாதுங் மாமா"ன்னா. ஊர்ல யாவாரம் பெருகுனா வரி பெருகும், வரி பெருகுனா ஊரு தனியா நிக்கும், அவ்வளவுதான்னா. அன்னைல இருந்து அதே நெனப்பு.

ஜவுளிக்கடைக்காரங்க, பேங்க்குக்காரங்க, ஆஸ்பத்திரி வெக்கறவிங்கன்னு ஒருத்தர விடாம போயிக் கூப்புட்டா. வந்தாங்க. எளநி குடிச்சாங்க. "ரோடு நல்லாருக்குதுங்க"ன்னாங்க. அந்த ரோட்டுலயே திரும்பிப் போயிட்டாங்க.

ஆனா பாருங்க, எங்க ஊர்ல யாவாரம் இல்லாம இல்ல. எல்லாம் ஊட்டுக்குள்ள ஒளிஞ்சு கெடந்துச்சு. குடியிருக்கற ஊடுன்னா ஒரு வரி, யாவாரம் நடக்கற எடம்னா அதவிட எச்சு. அதனால எல்லாமே ஊடுதான். வரி போடற ஆளு தெருவுக்குள்ள வந்தார்னா தையல் மெசினு மேல போர்வை விழுந்துரும். பியூட்டி பார்லர் நாற்காலில தாத்தாவ உக்கார வெச்சிருவாங்க. சரஸ்வதியக்கா இட்லி மாவு ஆட்டி ஊருக்கே விக்குது, ஊட்டுல இருக்கறது ரெண்டே உசுரு. இத்தனை மாவு எதுக்குங்கக்கான்னு கேட்டா, எங்கூட்டுக்காரருக்குப் பசி ஜாஸ்தின்னு சொல்லுச்சு. அந்த மனுசன் வேட்டி நிக்காத ஒல்லிங்க.

எங்க செயல் அலுவலர் எட்வின் சாரு, நாகர்கோயில் பக்கத்துக்காரரு, நல்ல மனுசன், "நோட்டீஸ் அனுப்பிருவோம் மேடம்"ன்னாரு. துளசி வேண்டாம்னுட்டா. நோட்டீஸ் குடுத்தா இன்னும் உள்ளதான் போவாங்க, குடியரசு தினத்தன்னைக்கு ஒழுங்கா வரி கட்டறவிங்கள மேடைக்குக் கூப்புட்டு ஒரு துண்டு போடலாம், மரியாதை குடுத்தா வெளிய வருவாங்கன்னா.

துண்டு. துண்டு போட்டா ஆருங்க பாக்கறது? போட்டவனும் மறந்துருவான், வாங்குனவனும் மூஞ்சி தொடச்சுக்குவான். அங்கதானுங்க என்ர மூளை வேலை செஞ்சுச்சு. ஃபிளக்ஸ்னேன். பஸ் ஸ்டாண்டுல, இப்ப நம்ம நிக்கறமே, இதே எடத்துல. "கொழிஞ்சிப்பாளையத்தை உயர்த்தும் தொழிலதிபர்கள்". துளசி சரஸ்வதியக்காகிட்டப் போயி, பாதி நாளு உக்காந்து பேசி, யாவார வரி கட்டறதுக்குச் சம்மதிக்க வெச்சா. அது சின்ன விசயம். பெரிய விசயம் என்னுன்னா போட்டோ. அக்காகிட்ட இருந்தது ரேசன் கார்டு போட்டோ ஒண்ணுதான். அந்த மூஞ்சிய எடுத்து, கோட்டு மாட்டி, டை கட்டி, பின்னால அஞ்சு மாடிக் கட்டடம், முன்னால ஒரு வெள்ளக் காரு. அக்கா வந்து பாத்துட்டு, "இது ஆருங்க தம்பி"ன்னுச்சு. நீங்கதாங்கக்கான்னேன். அக்கா முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு நடந்துச்சு பாருங்க, கலெக்டரம்மா தோத்துப் போகோணும்.

எதுத்த ஊட்டு ருக்மணியக்கா ஆருன்னு நெனைக்கறீங்க? சரஸ்வதியக்கா கொழுந்தன் பொண்டாட்டி. ஓரகத்தி ரெண்டு பேரும் பேசி எத்தனையோ வருசமாச்சு. ருக்மணியக்கா பஸ்ஸுக்கு வந்துது, ஃபிளக்ஸப் பாத்துது, பஸ்ஸ உட்டுருச்சு. அடுத்த பஸ்ஸையும் உட்டுருச்சு.

மக்யா நாளு காலைல பேரூராட்சி ஆபீஸு முன்னால கூட்டம்னா கூட்டம். எட்வின் சாரு ஜன்னல்ல பாத்துப்போட்டு, வரி ஏத்துனதுக்குக் கலாட்டா பண்ண வந்துட்டாங்கன்னு கேட்டப் பூட்டிட்டு உள்ள உக்காந்துக்கிட்டாரு. போலீஸுக்குப் போன் பண்ணீட்டாருங்க, நெசமாலுமே. போலீஸு வந்து என்ன வேணும்னு கேட்டா, முன்னால நிக்கற ருக்மணியக்கா சொல்லுது, "எங்கூட்டுக்கும் யாவார வரி போடச் சொல்லுங்க, போடாமப் போக மாட்டேன்"னு. ஏட்டய்யா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு, சிரிக்கறது தெரியக் கூடாதுன்னு.

சிரிக்காதீங்க, இன்னும் இருக்குது. எல்லார் போட்டோவும் ஒரே சைஸுல போட்டா நல்லா இருக்காதுன்னு, வரி எச்சாக் கட்டறவிங்களுக்குப் பெரிய மூஞ்சின்னு ஒரு முறை வெச்சேன். அதுவும் என்ர ரோசனைதான். ஊரே தலைகீழா ஆயிப் போச்சுங்க. முன்னெல்லாம் வரிக்காக ஊட்ட அளக்க வந்தா டேப்ப மிதிச்சுக்கிட்டு நிப்பாங்க. இப்ப, "என்னுங்க நீங்க, பின்னால பொடக்காளிய உட்டுட்டீங்க, மாடு கட்டற கட்டுத்தாரையச் சேத்து அளங்க"ன்னு டேப்ப இழுத்துட்டுப் போறாங்க. ருக்மணியக்கா கக்கூஸையும் கணக்குல சேத்திருச்சு. சரஸ்வதியக்கா மூஞ்சிய விட ஒரு வெரல் அகலம் கூட வேணும், அவ்வளவுதான் அதுக்கு.

யாவாரம் இருக்கறவிங்க மட்டுமில்ல, இல்லாதவிங்களும் வந்தாங்க. ரிட்டையர்டு ஆன போஸ்ட் மாஸ்டரு "முத்துக்குமரன் ஆலோசனை மையம்"னு ஊட்டு வாசல்ல போர்டு போட்டாரு. என்ன ஆலோசனைன்னு ஒருத்தரும் கேக்கல, அவரும் சொல்லல. ரெண்டு ஆடு வெச்சிருந்தவன் "இன்டர்நேஷனல் கோட் ஃபார்ம்". மருமகனுக ரெண்டு பேரு வந்தா வந்த எடத்துலயே தங்கிப் போடறானுகன்னு பொலம்பிட்டிருந்த ஒருத்தரு, அவனுக தங்கற ரூமுக்கே லாட்ஜுன்னு போர்டு மாட்டிட்டாரு. அதுக்கப்பறம் மருமகனுக வர்றதில்லைங்களாம். வரியும் கட்டறாரு, நிம்மதியாவும் இருக்கறாரு. எனக்குச் சந்தோசம் தாங்கலீங்க. மெசினு நிக்காம ஓடுது, பாளையத்துல ஒரு மூஞ்சி மிச்சமில்லாம கோட்டுப் போட்டாச்சு.

பணம் வந்துச்சு, வெளக்கு எரிஞ்சுது, தொட்டி புதுசாக் கட்டுனாங்க, சாக்கடைக்கு மூடி போட்டாங்க. துளசி தெருத் தெருவா நடந்து நடந்து பாப்பா. பைப்பத் தொறந்து தண்ணி வருதான்னு பாத்துட்டு மூடுவா. சிரிச்சது அப்பத்தான். ஆனா அவ கொணம் உங்களுக்குத் தெரியாது, ஒரு சந்தோசத்துல முழுசா உக்கார மாட்டா. "போர்டுதான் மாமா பெருகியிருக்குது, யாவாரம் பெருகல. எல்லாரும் ஓனரா இருந்தா ஆரு வாங்கறது?"ன்னு கேட்டா. நான் சொன்னேன், அம்மிணி, உனக்கு வரி வந்தாச் சரி, எனக்கு ஆர்டர் வந்தாச் சரி, மத்தவிங்களுக்குப் போட்டோ வந்தாச் சரி.

சித்திரைல அந்த பேங்க்குக்காரரு மறுபடியும் வந்தாருங்க. ஊரு இத்தனை வளந்திருக்குதுன்னு கேள்விப்பட்டு வந்தேன்னாரு. கீழ்த்தளத்துல ஒரு எடம் வாடகைக்கு வேணும், அவ்வளவுதான். துளசி அவரக் கூட்டிக்கிட்டு ஊரெல்லாம் நடந்தா. ஆருங்க குடுப்பாங்க? ஊட்டு முன்னால ஆசாரத்த பேங்க்குக்கு உட்டுட்டா அவிங்கவிங்க போர்ட எங்க மாட்டறது? கடைசில பேங்க்கு சந்தமங்கலத்துல தொறந்தாங்க. போனாப் போகுதுங்க. "பேங்க்குக்கே இடமில்லாத அளவு வளர்ச்சி"ன்னு நான் ஒரு ஃபிளக்ஸ் அடிச்சு வெச்சேன், பாத்தவிங்க எல்லாம் பெருமைப்பட்டாங்க. துளசி மட்டும் அந்தப் பக்கமாப் போறதில்ல, சுத்திக்கிட்டுப் போவா.

பஸ்ஸு எடுத்துட்டான் பாருங்க. கம்பியப் புடிச்சுக்குங்க, ஸ்பீடு பிரேக்கர் வரும். அதுவும் துளசி போட்டதுதான்.

எங்க உட்டேன்? ஆங். வைகாசில மேலிடத்துல இருந்து ஒரு உத்தரவு. மன்றக் கூட்டத்துல எட்வின் சாரு படிக்கறாரு. நான் உறுப்பினர் இல்ல, இருந்தாலும் துளசி பக்கத்துல எனக்கு ஒரு சேர் உண்டு. "கொழிஞ்சிப்பாளையம் குறுகிய காலத்தில் பெரும் வணிக மையமாக வளர்ந்துள்ளதை அரசு கவனித்துள்ளது"ன்னு படிச்சாரு. நாங்க கை தட்டுனம் பாருங்க, அவரு அடுத்த வரி படிக்கறதுக்கே எடம் குடுக்கல. படிங்க சாரு, படிங்க சாருங்கறாங்க எல்லாரும். எட்வின் சாரு மூஞ்சியத் தொடச்சுக்கிட்டாரு. "எனவே இதை சந்தமங்கலம் நகராட்சியுடன் இணைத்து"ன்னு படிச்சாரு.

ஆமாங்க. முன்னால சந்தமங்கலத்துக்காரங்களே, அந்தக் காஞ்ச ஊரு எங்களுக்கு எதுக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்தாங்களாம். இப்ப இத்தனை வரி வருதுன்னு தெரிஞ்சதும் எங்களுக்குக் குடுங்கன்னு கேட்டுட்டாங்க. நம்மள ஒருத்தன் ஆசப்பட்டுக் கேக்கறான்னா அது பெருமைதானுங்களே? நான் துளசி காதுல அதையேதான் சொன்னேன். அவ மேசையவே பாத்துட்டிருந்தா.

ஆட்சேபணை இருந்தாச் சொல்லலாம்னு ஒரு நாளு குறிச்சாங்க. பெரிய அதிகாரி ஊர நேர்லயே பாக்க வர்றாரு. அதுக்குள்ள துளசி ஊடு ஊடாப் போனா. யாவாரம் இல்லாதவிங்க போர்டக் கழட்டீருங்க, இது ஊடுதாங்க சாருன்னு அதிகாரிகிட்ட உள்ளதச் சொல்லீருங்க, வெளக்குக்கும் தண்ணிக்கும் வேண்டிய வரி நெசமான யாவாரத்துலயே இப்ப வந்துரும், ஊரு நம்மகிட்டயே இருக்கும்னு கெஞ்சுனா. எல்லாரும் சரின்னாங்க. நம்ம ஊரு நம்மளுதுதான், அதுல என்ன சந்தேகம், மத்தவிங்க போர்டெல்லாம் கழட்டோணும்தான்னாங்க. ருக்மணி கழட்டட்டும், நான் கழட்டறேன்னுச்சு சரஸ்வதியக்கா. ருக்மணியக்காளுதும் அதே பேச்சு. போஸ்ட் மாஸ்டரு, நம்மளுது யாவாரம் இல்லீங்களே, ஆலோசனைதானேன்னு கேட்டாரு. ஊர்ல ஒரு போர்டு எறங்கலீங்க. எறங்காதுன்னு எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணும் நாலு பக்கமும் ஸ்குரூ போட்டு நான் மாட்டுனது.

அதிகாரி வர்ற அன்னைக்கு நீங்க பாத்திருக்கோணும். ஈரோட்டுல கல்யாணத்துக்குக் கோட்டு வாடகைக்கு உடறாங்களே, அங்கிருந்து வண்டி போட்டு எடுத்துட்டு வந்துட்டாங்க. சமுதாயக் கூடம் பூராக் கோட்டு. வெய்யில்ல எல்லாருக்கும் வேர்த்து ஊத்துது, ஒருத்தரும் பட்டனக் கழட்டல. சரஸ்வதியக்கா சேலைக்கு மேலயே மாட்டீருச்சு. அதிகாரி உள்ள வந்தவரு ஏதோ தப்பான எடத்துக்கு வந்துட்டோம்னு திரும்பிப் போகப் பாத்தாரு. வாசல்ல நான் பெரிய வரவேற்பு பேனர் கட்டியிருந்தேன், அதுல என்ர மூஞ்சி அதிகாரி மூஞ்சிய விடக் கொஞ்சம் பெருசா வந்துருச்சு, அது பிரிண்டுல நடந்த தப்பு.

ஆட்சேபணை இருக்குதான்னு கேட்டாரு. ருக்மணியக்கா எந்திரிச்சு, "சேந்துட்டா எங்க போட்டோ சந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டுல வருங்களா?"ன்னு கேட்டுச்சு. தாராளமா வைக்கலாம்மான்னாரு. ஒரே கைதட்டு.

அப்பறம் துளசி எந்திரிச்சா. அவளுக்கு மைக்குல பேசி ரொம்பப் பழக்கமில்ல. "சாரு, இங்க பாதிப் பேரு போர்டுக்காக வரி கட்டறாங்க. அது பொய்யா இருக்கலாம். ஆனா அதுல எரியற வெளக்கு நெசம், வர்ற தண்ணி நெசம். எங்க ஊர நாங்களே பாத்துக்குவோம்னு காட்டீட்டோம். இப்பப் போயி எடுத்துக்காதீங்க"ன்னா. அதிகாரி பேனாவ மூடி வெச்சுட்டாரு. ஒருத்தராச்சும் தலைவிக்கு ஆதரவாப் பேசறீங்களான்னு கேட்டாரு. ஒருத்தரும் எந்திரிக்கல. துளசி என்னையப் பாத்தா. மைக்க என்ர கைல குடுத்து, "நீங்க சொல்லுங் மாமா. நீங்க சொன்னாக் கேப்பாங்க"ன்னா.

மைக்கு கைல வந்ததும் எனக்கு என்னமோ ஆயிருச்சுங்க. முன்னால அத்தனை கோட்டும் என்னையே பாக்குது. ஒவ்வொண்ணுலயும் நான் பண்ணுன மூஞ்சி. ஊரு சேந்துட்டா அத்தனை போர்டுலயும் அட்ரஸ் மாத்தோணும், கொழிஞ்சிப்பாளையத்த எடுத்துட்டு சந்தமங்கலம்னு போடோணும், அதுவும் ஒட்டுக்கா ஞாபகம் வந்துச்சு. "சேரட்டும்ங்க, ஊரு பெருசாகட்டும்"னு சொல்லீட்டேன். அந்தக் கைதட்டு இருக்குதே, இன்னும் காதுலயே இருக்குது. என்ர வாழ்நாள்ல அப்புடி ஒண்ணு கேட்டதில்ல. ரெண்டு பேரு என்னையத் தூக்கிட்டாங்க. மேல இருந்து பாத்தேன், துளசி சேரெல்லாம் நகத்திக்கிட்டுப் பின்வாசல்ல போயிட்டிருந்தா. கூட்டம் முடியறதுக்குள்ள காப்பிக்குச் சொல்லப் போறாளாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன்.

அன்னைல இருந்து அவங்கம்மா ஊட்டுல இருக்கறா, பின்னால தெருதான். அம்மாளுக்குக் கால் வலின்னா. முந்தா நேத்து நான் அந்தப் பக்கம் போனப்ப அந்தம்மா கெணத்துல தண்ணி சேந்திட்டிருந்தாங்க. கொஞ்சம் தேவலையாயிருச்சாட்டம் இருக்குது. நான் போயிக் கூப்புடலாம்தான். ஆர்டர் நெறையக் கெடக்குதுங்க, நேரமே இல்ல. ஆபீஸுக்குத் தெனமும் போறா. உத்தரவு அமலுக்கு வர்ற வரைக்கும் அந்த நாற்காலி அவளுதுதானே. நேரத்துக்குப் போயி நேரத்துக்குத் திரும்பறா, வழில இருக்கற பைப்ப மட்டும் தொறந்து பாக்கறதில்ல.

நீங்க என்ன வேலை பாக்கறீங்க? ஆபீஸுங்களா. பரவால்ல, ஆபீஸுக்குப் போறவருக்கும் போர்டு போடலாம், கேட்டுப் பழகீட்டா வெக்கம் தெரியாது.

இன்னொரு நாயம் சொல்லோணும். இன்னைக்குக் காலைல துளசி கடைக்கு வந்தாளுங்க. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவ எனக்கு ஒரு ஆர்டர் குடுத்ததில்ல. ஸ்டூலு போட்டேன், உக்காரல, கஸ்டமராட்டம் கவுண்டருக்கு அந்தப் பக்கமே நின்னா. ஒரு போர்டு வேணும்னா. எனக்கு எப்புடி இருந்திருக்கும் பாருங்க. கோட்டு என்ன கலர்ல போடட்டும்னு கேட்டேன். போட்டோ வேண்டாம்னா. காரு? வேண்டாம். பின்னால கட்டடம்? ஒண்ணும் வேண்டாம், கொழிஞ்சிப்பாளையம்னு மட்டும் எழுதிக் குடுங்க, அம்மா ஊட்டு வாசல்ல மாட்டோணும்னா. ஊர் பேர ஆராச்சும் சொந்த ஊட்டு வாசல்ல மாட்டுவாங்களாங்க? சரி, கேட்டது பொண்டாட்டி, நான் சும்மாவே பண்ணித் தர்றேன்னேன். வேண்டாம், பில்லு போடுங்கன்னா. "மாமா"ன்னு சொல்லல, இப்பத்தான் ஞாபகம் வருது.

நான் தொழில்காரன்ங்க, விடுவேனா. பேரு மேல வந்துருச்சு, கீழ அட்ரஸ் என்ன போடட்டும், கொழிஞ்சிப்பாளையமா, சந்தமங்கலமான்னு கேட்டேன். என்ர மூஞ்சியப் பாத்தா.

"மேல இருக்கறதுதானுங்க அட்ரஸ்"னு சொல்லிட்டுப் போயிட்டா.

எத்தனை போர்டு அடிச்சிருப்பேன் நானு, இப்புடி ஒண்ணு அடிச்சதில்ல. கம்ப்யூட்டர்ல அந்தப் பேர மட்டும் போட்டுப் பாத்தேன். கலர் மாத்துனேன், எழுத்தப் பெருசாக்குனேன், சுத்தி பார்டர் குடுத்தேன். எது பண்ணியும் கீழ வெத்தா இருக்குது. அப்புடியே மூடி வெச்சுட்டு பஸ்ஸுக்கு வந்துட்டேன். நீங்க படிச்சவரு, வெளியூர்க்காரரு, நீங்களே சொல்லுங்க. நான் போயி அவளக் கூப்புட்டிருக்கோணுங்களா?